மிதிக்கும் முன் வரும் சத்தம்

வாங்கும்போது அந்த வேன் எல்லோருடையதாகவும் இருந்தது. அப்பா, அக்கா, தங்கை வீட்டார், தம்பி வீட்டார் என்று தலையை எண்ணி, எட்டுப் பேர் உட்காருகிற மாதிரிப் பார்த்து எடுத்தார்கள். "குடும்பத்துக்குன்னு ஒரு வண்டி" என்று தம்பி கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். எல்லோரும் ஒன்றாக அதில் ஏறிப் போனது ஒரே ஒரு கல்யாணத்துக்கு. அதன்பிறகு டயர் தேய்ந்தால், டீசல் தீர்ந்தால், காக்கை எச்சமிட்டால் அது அக்காவுடைய வண்டி.

அவளுக்கு அக்கா என்பதே பெயராகிவிட்டது. தம்பி தங்கை அழைத்தது போக, வேலை செய்கிற சலவைக்கூடத்தில் அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்து, ஆவி உருளைகளில் தேய்த்து, மடித்து, மாலைக்குள் திருப்பி அனுப்புகிற இடம் அது. அவள் அங்கே மேற்பார்வை. மேற்பார்வை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். யார் வரவில்லையோ அவர்கள் இடத்தில் போய் நிற்பதுதான் அங்கே மேற்பார்வை. யாராவது ஒருவர் தினமும் வராமல்தான் இருந்தார்கள்.

கல்யாணப் பேச்சு ஒரு காலத்தில் இருந்தது. அம்மா படுத்தபோது தள்ளிப்போனது, அம்மா போனபோது நின்றுபோனது. பிறகு அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் அவரை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட வேண்டும், மதியம் கூட்டி வர வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் அப்பாவை ஏற்றி இறக்க ஆகிற நேரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை போனையே எடுப்பதில்லை. ஆகவே வேன், ஆகவே அக்கா. அதற்காக அவள் சலவைக்கூடத்தில் முறையை மாற்றிக்கொண்டு, அந்த நாட்களில் மதியத்துக்குமேல் ஆரம்பித்து இருட்டும்வரை நின்றாள்.

அந்த வேனின் பிரேக்கில்தான் சத்தம் வர ஆரம்பித்தது.

மருத்துவமனைக்குப் போகிற வழியில் ஓர் இறக்கம். நீளமான இறக்கம், அடியில் நாற்சந்தி. பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள், பேருந்துகள் கேட்காமல் திரும்பும். அந்த இறக்கத்தில் இறங்கி வேகத்தைக் குறைக்கும்போது 'கிர்ர்ரீச்' என்று இழுத்து, 'டக்' என்று முடியும். முதல் நாள் அவள் வேறு வண்டி என்று நினைத்தாள். மூன்றாம் முறை, தன் வண்டிதான் என்று தெரிந்துவிட்டது.

"உங்களுக்குச் சத்தம் கேக்குதாப்பா?" என்று கண்ணாடி வழியே பின்னால் கேட்டாள்.

"எந்தச் சத்தம்?" என்றார் அப்பா.

அவரைக் கேட்டுப் பயனில்லை. ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியை அவர் தனக்கு வேண்டிய பேச்சுக்கு மட்டும் வைத்திருந்தார். முன் இருக்கை உயரம், ஏற முடியாது. ஓட்டுகிறவருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கைதான் அவருக்குத் தோது. கதவைத் தள்ளினால் படி, படியை ஒட்டிக் கைப்பிடி. அங்கே உட்கார்ந்துவிட்டால் கண்ணாடியில் அவர் முன்மண்டை மட்டும் கொஞ்சம் தெரியும்.

இந்தச் சத்தம் வீட்டில் பெரிய உதவியாகப் போயிற்று, அக்காவைத் தவிர மற்ற எல்லோருக்கும். வியாழக்கிழமை ஒரு நாளாவது நீ ஓட்டு என்று தம்பியை அவள் எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை அவன் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமம் இல்லை.

"பிரேக் சரியாகட்டும்கா. அந்த வண்டியில அப்பாவை ஏத்திட்டுப் போய், ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்ப நான் ஏத்திட்டுப் போறது?"

"உனக்கு அந்த வண்டி பழக்கம்கா."

ஒப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வேனைத் தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றினான். ஒரு சத்தமும் இல்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "வண்டி கல்லு மாதிரி இருக்கு. நீ கொஞ்சம் தூங்கு" என்றான். வண்டி நன்றாக இருந்தால் வியாழக்கிழமை வரலாமே என்று அவள் கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

தங்கை ஒருநாள் பிள்ளைகளோடு கூட வந்தவள், இறக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். இனி பிள்ளைகளை இந்த வண்டியில் ஏற்றுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், சோற்றுத் தட்டைத் தள்ளும்போதெல்லாம் கிர்ர்ரீச் டக் என்று சொல்லி விளையாடினார்களாம். ஆக, ஒருத்திக்குப் பயம், ஒருத்தனுக்கு நம்பிக்கையில்லை. இறக்கத்தில் இறங்குகிற வேலை மட்டும் அக்காவுக்கு மிஞ்சியது.

டயர்க்கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள். மனிதர் எதற்கும் அவசரப்பட்டதில்லை, அதனால் வந்த பெயர். அவர் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாயாலேயே வண்டி ஓட்டுவார்கள். சத்தத்தைச் செய்துகாட்டச் சொல்லாமல் அவர் ஸ்பானரைத் தொடமாட்டார். ஆபீசுக்குப் போகிற உடையில் பெரிய மனிதர்கள் அங்கே நின்று உறுமுவதையும் சீறுவதையும் அக்கா பார்த்திருக்கிறாள்.

"எப்படிக் கேக்குது? செஞ்சு காட்டும்மா."

"கிர்ர்ரீச்… டக்" என்றாள் அக்கா. வெட்கப்படுவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"டக் தனியா வருதா, ஒட்டிக்கிட்டு வருதா?"

"ஒட்டிக்கிட்டுண்ணே."

அவர் நான்கு சக்கரத்தையும் கழற்றினார். முன்சக்கரங்களின் பிரேக் பேடுகளை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நிறையவே தேஞ்சிருக்கு. ஆனா சத்தம் போடுற அளவுக்கு இல்ல" என்றார். பளபளத்துப்போன மேல்பரப்பை அரத்தால் தேய்த்தார், அவற்றைத் தாங்குகிற பின்களைத் துடைத்து கிரீஸ் வைத்தார். பின்சக்கர டிரம்மைத் திறந்து கரித்தூளை ஊதித் தள்ளினார். பிறகு தானே ஓட்டிக்கொண்டு போய், இறக்கம் முழுக்க இறங்கித் திரும்பி வந்தார். சத்தம் இல்லை. அக்காவுக்கு மனது லேசாயிற்று. அன்று சலவைக்கூடத்தில் யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அதே இறக்கத்தில், கிர்ர்ரீச் டக்.

திரும்பவும் பட்டறைக்குப் போனாள். அவசரம் முகம் சுளிக்கவில்லை. தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"நான் ஓட்டினா வரல. உன் தம்பி ஓட்டினா வரல. நீ ஓட்டினா வருது. வண்டியில அப்ப வேற யாரு?"

"அப்பா."

"அவர் எடை எவ்வளவு இருக்கும்?"

பாரம் ஏறினால்தான் சத்தம் போடுகிற வண்டிகள் உண்டாம். மணல் மூட்டை ஒன்றைக் கட்டித் தூக்கி வந்து அப்பாவின் இருக்கையில் உட்கார வைத்தார். சரிந்துவிடாமல் பெல்ட்டும் போட்டார். அக்கா ஓட்ட, அவர் முன்னால் உட்கார, மூட்டை பின்னால் உட்கார, மூவரும் இறக்கத்தில் போனார்கள். மூட்டை அப்பாவைவிடச் சாதுவாக வந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்று, இறக்கு என்று சொல்லவில்லை, முன்னால் போகிற பேருந்துக்காரனைத் திட்டவில்லை. சத்தமும் வரவில்லை.

நாற்சந்தி தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லு. சத்தம் நீ பிரேக்கை மிதிச்ச பிறகு வருதா, மிதிக்கிறதுக்கு முன்னாடி வருதா?"

"மிதிக்காம எப்படிண்ணே பிரேக் சத்தம் போடும்?"

"அதான் நானும் கேக்குறேன். சும்மா கவனிச்சு வச்சுக்க."

வியாழக்கிழமை அவள் கவனித்தாள். இறக்கத்தில் கால் பிரேக்குக்குப் போகிறது. போய்ச் சேரவில்லை. அதற்குள் கிர்ர்ரீச். கால் பதிகிறபோது டக். திரும்பி வரும்போது சிக்னலிலும் அப்படியே. சனிக்கிழமை, மருத்துவமனை வாசலிலும் அப்படியே. முதலில் சத்தம், பிறகு அவள் கால்.

இது அவளைப் பிரேக் கெட்டதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. பிரேக் கெட்டால் மாற்றலாம். தலை கெட்டால் என்ன செய்வது? நடப்பதற்கு முன்னாலேயே கேட்கிறது என்றால் அது வண்டியில் இல்லை, தன் மண்டைக்குள்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். தங்கைக்குக் கேட்டதே என்று ஒரு சமாதானம் வரும். தங்கை எதற்குத்தான் பயப்படவில்லை என்று உடனே அது போய்விடும். கொஞ்ச நாளாகவே அவள் சரியில்லை. மடித்த விரிப்பை மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று நின்றிருக்கிறாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றே சில நாள் நின்றபடி சாப்பிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தம்பி தூங்கு என்பான், தங்கை டாக்டரைப் பார் என்பாள். அப்பாவை யார் கொண்டுபோவது என்று மட்டும் இருவரும் கேட்கமாட்டார்கள்.

மண்டையில்தான் கோளாறு என்றால் இந்த இறக்கத்தில் அப்பாவை இறக்கிக்கொண்டு போகக் கூடாது. கொண்டுபோகாவிட்டால் அப்பா இருக்கமாட்டார். அவள் வாழ்க்கை மொத்தமும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டு வாசலில் அவசரம் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் மாற்றி, தலை வாரி வந்திருந்தார்.

"முன்னாடிதான் வருது" என்றாள் அக்கா. "எனக்கு ஏதோ ஆயிடுச்சுண்ணே."

"உனக்கு ஆனதைப் பிறகு பாப்போம். இன்னிக்கு நான் பின்னாடி உக்காந்து வரேன்."

அப்பாவைப் படியேற்றி உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அவசரம் உட்கார்ந்தார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் கிடைக்காத பேச்சுத்துணை வண்டியில் கிடைத்துவிட்டது. எந்த மாடல் பேருந்தில் கியர் எப்படி விழும் என்று ஆரம்பித்துவிட்டார். அவசரம் சளைக்காமல் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். இறக்கம் வந்தது. கிர்ர்ரீச் டக். அக்கா கண்ணாடியில் பார்த்தாள். அவசரம் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து கியரைப் பற்றிக் கேட்டார்.

மருத்துவமனை வாசலில் ஊழியர் சக்கர நாற்காலியோடு வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் உள்ளே மறையும்வரை காத்திருந்துவிட்டு, அவசரம் அப்பாவின் இருக்கைக்கு முன்னால் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் ஒரு இரும்புத் தட்டு இருந்தது. பாட்டரிக் குழியின் மூடி. நான்கு மூலைக்கு நான்கு திருகு இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. அவர் உள்ளங்கையால் அதை அழுத்தினார்.

கிர்ர்ரீச் என்று உரசி இறங்கியது. அடியிலுள்ள தகட்டில் டக் என்று முட்டியது.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்பா மிதிக்கிறாரும்மா" என்றார் அவசரம். "வலது காலால. நல்லா முழங்காலைத் தூக்கி, பேருந்து பிரேக்கை மிதிக்கிற மாதிரி. பேசிக்கிட்டே மிதிக்கிறார். சந்தியில மிதிச்சார், சிக்னல்ல மிதிச்சார், வாசல்ல திரும்பும்போது மிதிச்சார். காதும் கேக்கல, பாதமும் மரத்துப் போச்சு. அடியில தட்டு ஆடுறது அவருக்கு எங்கே தெரியப் போகுது?"

மணல் மூட்டைக்குக் கால் இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அவசரம் சிரித்தார். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். மண்டைக்குள் ஒன்றும் இல்லை என்ற நிம்மதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப என் பிரேக்?"

"பிரேக்ல ஒண்ணுமில்ல." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன். முன் பேடு தேஞ்சிருந்த விதம், கடைசி நிமிஷத்துல அழுத்திப் பிடிக்கிறவங்க வண்டியில தேயுற மாதிரி இருந்தது. இன்னிக்குப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் மிதிச்ச பிறகுதான் நீ மிதிக்கிற. அவர் சரியான நேரத்துலதான் மிதிக்கிறார்."

சட்டைப் பையில் கிடந்த திருகுகளில் பொருந்துகிற மூன்றை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம். தட்டை இறுக்கி, விரிப்பைப் பழையபடி போட்டுவிட்டு, பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்று நடந்துபோனார். வழக்கம்போல மெதுவாகத்தான் போனார்.

மதியம் அப்பா வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக இருந்தார். எப்போதும் அப்படித்தான். ஏற்றி, பெல்ட் போட்டு, கதவைச் சாத்திய அக்கா வண்டியைக் கிளப்பவில்லை. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தன்னை நடுங்க வைத்தது இந்த மனிதரின் கால்தானா என்று கோபம். காலை முழுவதும் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்கப் போகிற கேள்வியை மாற்றி மாற்றி யோசித்திருந்தாள்.

திரும்பி உட்கார்ந்து சத்தமாகக் கேட்டாள். "நான் ஓட்டுறது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா?"

"யாரு சொன்னா?"

"பின்னாடியிருந்து பிரேக் மிதிக்கிறீங்களாம்."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். கேட்காத மாதிரி இருந்துவிடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு, "முன்னெல்லாம் நான் உக்காந்தா தூங்கிடுவேன்" என்றார். "நீ நல்லா ஓட்டுவ. இப்பக் கொஞ்ச நாளாத்தான் உன் கால் லேட்டாகுது. கண்ணு ரோட்டுல இருக்கு, கால் வரமாட்டேங்குது. ராத்திரி கடைசி வண்டி எடுக்கிற டிரைவருக்கு அப்படி ஆகும். எனக்கு ஆகியிருக்கு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணுவ? இன்னும் கொஞ்சம் முழிச்சுக்கிட்டு ஓட்டுவ." அவர் மூச்சு வாங்கினார். "உன்னை நான்தானே இப்படி ஆக்கி வச்சிருக்கேன். எந்த வாயால சொல்றது? சரி, நம்மால ஆனது, கூட மிதிப்போம்னு…"

"அங்க பிரேக்கே இல்லப்பா."

"தெரியும்மா. காலுக்குத் தெரியலையே."

அக்கா முன்பக்கம் திரும்பி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் களைத்திருப்பதை ஒருவர் பார்த்திருக்கிறார். சொல்லாமலேயே பார்த்திருக்கிறார். உடம்பில் பாதி ஓடாத ஒரு மனிதர், எதையும் நிறுத்த முடியாத ஒரு தட்டை, ஒவ்வொரு இறக்கத்திலும் அவளுக்காக மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். அழுகை வந்தது, அழுதாள். மருத்துவமனை வாசலில் யாரும் யாரையும் எதற்கு அழுகிறாய் என்று கேட்பதில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தபின் தம்பிக்குப் போன் போட்டாள்.

"வண்டி சரியாயிடுச்சு. வியாழக்கிழமை நீ வந்து ஓட்டு."

"சரியாயிடுச்சா? எதுக்கும் இன்னொரு தடவை நல்லா செக் பண்ணிட்டு…"

"பிரேக்ல ஒண்ணும் இல்லடா. எனக்குத்தான் முடியல." இந்த வார்த்தையை அவள் வாய் இதற்கு முன் சொன்னதில்லை. அதனால் இன்னொரு முறை சொன்னாள். "என்னால முடியலடா. நான் பிரேக்கை லேட்டா மிதிக்கிறேன். ஒருநாள் மிதிக்காமலே போயிடுவேன். பின்னாடி அப்பா இருப்பார்."

மறுமுனையில், தம்பி வேலை செய்கிற கடையில் யாரோ அவனைக் கூப்பிடுவது கேட்டது.

"எத்தனை மணிக்குக்கா வரணும்?" என்றான்.

போனை வைத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. தனக்கு வேண்டிய பேச்சு மட்டும் அவருக்கு எப்போதும் கேட்கும்.

"அவனா ஓட்டப் போறான்?"

"ஆமாப்பா."

"அவன் ஓட்டினா நான் ரெண்டு காலையும் வச்சு மிதிக்கணும்."

அவளுக்கு மூக்கடைப்போடு சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். வாசலைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. வழக்கத்தைவிட நன்றாக முன்னாலேயே பிரேக்கில் கால் வைத்தாள். எந்தச் சத்தமும் வரவில்லை. அவள் இருக்கையின் முதுகில் மட்டும் அப்பாவின் முழங்கால் பட்டது. இத்தனை நாளும் அதை ரோட்டுக் குலுக்கல் என்று நினைத்திருந்தாள். வண்டி நின்று, விளக்கு பச்சையாகும்வரை அது அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தது. அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.